ஆங்கில வினைச்சொல் ஒன்றின் பொருளையும் பிறப்பையும் தேடிக் கண்டறியும் முறை: ‘டேன்’ என்ற சொல்லை முன்வைத்து

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என இன்று மூன்று மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் இந்த வட ஆர்க்காட்டுப் பகுதியில், ஆங்கிலம் படிக்காதவரும் அறிந்த ஆங்கிலச் சொற்களில் ஒன்று ‘டேனரி’. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என எந்த ஊரில் கேட்டாலும் தோல் பதனிடும் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வார்கள். அதே ஊர்களின் கடைத்தெருவில் அழகு நிலையங்களின் பலகைகளில் ‘டி-டேன்’ என்று எழுதியிருப்பதையும் காணலாம். வெயிலில் கறுத்த முகத்தின் கருமையை நீக்குவது என்று அதற்குப் பொருள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ‘டேன்’ (tan) என்ற ஒரே வினைச்சொல். தோலைத் தொட்டியில் ஊறப்போடும் வேலைக்கும் முகத்துக்குப் பூசும் பூச்சுக்கும் ஒரே சொல் எப்படிப் பொதுவாயிற்று என்பதைத் தாமே தேடிக் கண்டறிய விரும்பும் மாணவர்கள், ஆசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இந்தச் சொல்லில் பழகிய முறையை வேறு எந்த ஆங்கில வினைக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எத்தனையோ வினைச்சொற்கள் இருக்க இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சொல்லின் பிறப்பைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் அகராதியில் தொடங்கி அகராதியிலேயே முடித்துவிடுகிறார்கள். ஆனால் வினைச்சொல் என்பது ஒரு வேலையின் பெயர். அந்த வேலையைக் கண்ணால் கண்டவருக்கு அகராதியின் ஒற்றை வரி விளக்கம் சொல்வதில் பாதிகூட, அதைக் காணாதவருக்குச் சொல்லாது. தோல் வேலையைப் பற்றி வீட்டிலோ தெருவிலோ கேட்டு வளரும் வாய்ப்பு இங்குள்ள பிள்ளைகளுக்கு இருக்கிறது. அந்த அறிவை ஆங்கிலப் படிப்புக்குப் பயன்படாதது என்று ஒதுக்கிவிடக் கூடாது.

முதலில் பயன்பாடுகளைத் திரட்டுங்கள்

அகராதியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, அந்த வினை வரும் தொடர்களை நினைவிலிருந்தும் செய்தித்தாளிலிருந்தும் பாடநூல்களிலிருந்தும் எழுதிக்கொள்ள வேண்டும். ‘டேன்’ என்பதற்கு நான்கு வகைத் தொடர்கள் எளிதில் கிடைக்கும். ஆட்டுத்தோலை ‘டேன்’ செய்தார்கள் என்பது ஒன்று. கடற்கரையில் கிடந்து உடல் ‘டேன்’ ஆயிற்று என்பது மற்றொன்று. ‘டேன்’ நிறக் காலணி என்று கடையில் கேட்பது மூன்றாவது. இது வினையன்று, நிறத்தைச் சுட்டும் பெயரடை. நான்காவது, குறும்பு செய்யும் பையனைப் பார்த்து ‘உன் தோலை டேன் செய்துவிடுவேன்’ என்று மிரட்டும் ஆங்கில வழக்கு. அடித்துவிடுவேன் என்பது அதன் கருத்து. நம் வீடுகளில் ‘முதுகுத் தோலை உரிச்சிடுவேன்’ என்று சொல்வது நினைவுக்கு வரும். இரண்டு மொழிகளும் ஒரே வகையில் மிரட்டுகின்றன என்பதற்காக ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததாகக் கொள்ளக் கூடாது. கோபம் வந்தால் தோலைப் பற்றிப் பேசுவது எந்த மொழியிலும் தானாகத் தோன்றக்கூடியது.

தொடர்களை எழுதும்போதே ஒவ்வொன்றிலும் செயப்படுபொருள் எது என்று குறித்துக்கொள்வது நல்லது. முதல் தொடரில் விலங்கின் உரித்த தோல். இரண்டாவதில் உயிருள்ள மனிதரின் தோல். நான்காவதில் மனிதரின் தோலை விலங்கின் தோலாகவே பாவித்துச் சொல்லும் உருவகம். செயப்படுபொருள் மாறும் இடத்தில்தான் பொருளும் மாறுகிறது என்பதைப் பிறகு அகராதி உறுதிப்படுத்தும்.

வேலையை அறிந்துகொள்ளுங்கள்

அடுத்தது, அந்த வினை குறிக்கும் செயலை உள்ளபடி தெரிந்துகொள்வது. இந்தப் படியைப் பலர் தாண்டிச் செல்கிறார்கள். என் கருத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான்.

உரித்த தோலை அப்படியே விட்டால் ஓரிரு நாளில் அழுகிவிடும். எனவே முதலில் உப்பிட்டு வைக்கிறார்கள். பிறகு நீரில் ஊறவைத்து உப்பையும் அழுக்கையும் நீக்கி, சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு முடியைத் தளர்த்தி எடுத்து, உட்புறம் ஒட்டியிருக்கும் சதையைச் சீவிவிடுகிறார்கள். இவ்வளவு செய்த பிறகும் அது அழுகக்கூடிய பச்சைத் தோல்தான். அதற்குப் பின் மரப்பட்டைச் சாற்றில் ஊறும்போதுதான் பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலின் கொலாஜன் என்ற புரத நார்களோடு இணைந்து, கழுவினாலும் போகாத மாற்றத்தை உண்டாக்குகிறது. இனி அது அழுகாது. உலர்ந்தாலும் மரத்துண்டுபோல் விறைத்துப் போகாது. இந்த மாற்றத்துக்குத்தான் ஆங்கிலத்தில் ‘டேன்’ செய்தல் என்று பெயர். உப்பிடுவதோ சுண்ணாம்பில் போடுவதோ அந்தச் சொல்லின் நேர்ப்பொருளில் அடங்காது. அவை அதற்கான முன்வேலைகள்.

தென்னிந்தியாவில் இந்த வேலைக்குப் பெயர்பெற்றது ஆவாரம்பட்டை. அதனோடு கொன்றைப்பட்டையும் கடுக்காயும், பின்னாளில் நீலகிரியில் சீகை என்று சொல்லப்படும் வாட்டில் மரத்தின் பட்டையும் பயன்பட்டன. இப்படிப் பதனிட்ட தோல்தான் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் வெளிநாட்டுச் சந்தைக்குப் போனது. இங்கிலாந்திலோ இதே வேலைக்கு ஓக் மரத்தின் பட்டையை இடித்துப் பயன்படுத்தினார்கள். இந்த ஓக் பட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; சொல்லின் பிறப்பு அதில்தான் இருக்கிறது.

இன்று பெரும்பாலான தொழிற்சாலைகளில் மரப்பட்டைக்குப் பதிலாகக் குரோமிய உப்பு பயன்படுகிறது. அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் 1884இல் பெற்ற காப்புரிமைக்குப் பிறகு பரவிய முறை இது. சுழலும் டிரம்களிலிருந்து வெளிவரும் அந்தத் தோல் இளநீல நிறத்தில் இருப்பதால் தொழிலில் அதை ‘வெட் ப்ளூ’ என்கிறார்கள். அந்தத் தோலில் பழுப்பு நிறமும் இல்லை, மரப்பட்டையும் இல்லை. ஆனாலும் அதையும் ‘டேன்’ செய்த தோல் என்றே சொல்கிறார்கள். ஒரு சொல் தான் பிறந்த பொருளை விட்டு, அந்தப் பொருள் செய்த வேலையை மட்டும் பற்றிக்கொண்டு நிலைப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

அகராதிப் பதிவைப் படிக்கும் விதம்

இப்போது அகராதிக்கு வரலாம். மாணவர்கள் கையாளும் பயில்நிலை அகராதிகள் இன்று அதிகமாக வழங்கும் பொருளை முதலில் தரும் இயல்புடையவை. அவற்றில் வெயிலில் கறுத்தல் என்பது முதலிலேயே வந்துவிடலாம். வரலாற்று முறையில் அமைந்த அகராதிகள் எது முதலில் எழுத்தில் கிடைக்கிறதோ அதை முதலில் தரும். 1884இல் முதல் பகுதி வெளிவந்து 1928இல் நிறைவுற்ற ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கிலப் பேரகராதி இரண்டாம் வகையைச் சேர்ந்தது; மெரியம் வெப்ஸ்டர் அகராதியும் பொருள்களை வரலாற்று வரிசையில்தான் அடுக்குகிறது. எந்த வகை அகராதியைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் முதலில் இருப்பதையே ‘மூலப்பொருள்’ என்று எழுதிவிடுவது மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி நேரும் பிழை.

ஆக்ஸ்ஃபோர்ட் பேரகராதியின் இணையப் பதிப்பு முழுமைக்கும் கட்டணம் உண்டு. கல்லூரி நூலகம் அதற்குச் சந்தா கட்டியிருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கட்டணமில்லாமல் கிடைப்பவற்றில் மூன்று மிகவும் பயன்படும். டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்துவரும் ஆன்லைன் எட்டிமாலஜி டிக்ஷனரி சுருக்கமாக வரலாற்றைச் சொல்லும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி ஏறத்தாழ 1100 முதல் 1500 வரையிலான சான்றுகளைத் தரும். அதற்கும் முந்திய பழைய ஆங்கிலத்துக்குப் பாஸ்வொர்த், டாலர் ஆகிய இருவரின் அகராதி இருக்கிறது. தொடக்கத்தில் ஹார்ப்பரின் பதிவைப் படித்துவிட்டு, ஐயம் தோன்றும் இடங்களில் மற்ற இரண்டுக்கும் செல்வது எளிய வழி.

பதிவைப் படிக்கும்போது இரண்டு குறிகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒரு சொல்லின் முன் விண்மீன் குறி இருந்தால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை, ஒலிமாற்ற விதிகளைக் கொண்டு அறிஞர்கள் மீட்டமைத்தது என்று பொருள். ‘அநேகமாக’, ‘ஒருவேளை’ என்ற பொருள்தரும் சுருக்கங்கள் வந்தால் அந்த இடத்தில் சான்று உறுதியாக இல்லை என்று பொருள். மாணவர் தம் குறிப்பேட்டில் எழுதும்போது இந்த ‘அநேகமாக’ என்பதைத் தவறாமல் சேர்த்து எழுத வேண்டும். அது தொலைந்துபோனால் ஊகம் உண்மையாகிவிடும். அதைப் படித்து எழுதும் அடுத்தவரும் அந்தத் தவறையே சுமப்பார்.

பின்னோக்கிச் செல்லும் பாதை

‘டேன்’ என்ற வினையின் இறந்தகாலம் விகுதி சேர்ந்து ஒழுங்காக அமைகிறது. ‘சிங், சேங், சங்’ என்பதுபோல உயிரெழுத்து மாறுவதில்லை. இது ஒரு சிறு துப்பு. அப்படி உயிர் மாறும் வினைகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்குச் சொந்தமான ஜெர்மானிய வேர்கள், அதாவது ஆங்கிலமும் ஜெர்மனும் சேர்ந்த மொழிக்குடும்பத்தின் வேர்கள். வெளியிலிருந்து வந்த வினைகள் பெரும்பாலும் ஒழுங்கான விகுதியே ஏற்கும். ஆனால் இதை விதியாகக் கொள்ளலாகாது. ‘லவ்’ ஒழுங்கானது, ஆயினும் சொந்தச் சொல். ‘கேட்ச்’ பிரெஞ்சிலிருந்து வந்தது, ஆயினும் ‘காட்’ என்று திரிகிறது. துப்பு தேடும் திசையைக் காட்டும். முடிவை அகராதிச் சான்றுதான் சொல்ல வேண்டும்.

சான்றைப் பார்த்தால், பழைய ஆங்கிலத்தின் பிற்பகுதியிலேயே ‘டன்னியன்’ என்ற வடிவம் தோலைப் பதனிடுதல் என்ற பொருளில் வந்துவிட்டது. பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மானியர் 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகுதான் பிரெஞ்சுச் சொற்கள் அங்கே வெள்ளமாகப் புகுந்தன. இந்தச் சொல்லோ பிரெஞ்சு வழியாக அன்றி இடைக்கால இலத்தீனின் ‘தன்னாரே’ என்ற வினையிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படுகிறது. அந்த இலத்தீன் வினைக்கு அடிப்படை ‘தன்னும்’ என்ற பெயர்ச்சொல். அதன் பொருள் இடித்த ஓக் பட்டை. அதாவது, தொழிலில் பயன்பட்ட பொருளின் பெயரிலிருந்தே தொழிலின் வினை பிறந்தது. ஆங்கிலத்தில் ‘சால்ட்’ என்ற உப்பின் பெயரே உப்பிடுதலுக்கும் வினையாக வருவதை இதனோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அதற்கும் பின்னால் சென்றால் பாதை மங்குகிறது. ‘தன்னும்’ என்பது இலத்தீனுக்கே உரிய பழைய சொல் அன்று. அநேகமாகக் கெல்டிய மொழியொன்றிலிருந்து அங்கே போயிருக்கிறது. பிரான்சின் வடமேற்கு மூலையில் பேசப்படும் கெல்டிய மொழியான பிரெத்தோனில் ‘தன்’ என்றால் ஓக் மரம். ஜெர்மன் மொழியில் ஊசியிலை மரமொன்றைக் குறிக்கும் ‘தன்னெ’ என்ற சொல்லுக்கும் இதே மூலம் இருக்கலாம் என்பது ஒரு கருத்து. கிறிஸ்துமஸ் மரத்தைச் சொல்லும் ‘தன்னன்பௌம்’ என்ற தொடரில் அந்தச் சொல்தான் இருக்கிறது. இந்தக் கடைசிப் படிகள் இரண்டுக்கும் குறிப்பேட்டில் ‘அநேகமாக’, ‘இருக்கலாம்’ என்ற சொற்கள் இடம்பெற வேண்டும்.

பின்னோக்கிச் சென்றதுபோலவே முன்னோக்கியும் வந்து, பொருள் மாறிய காலங்களைக் குறிக்க வேண்டும். வெயிலில் மேனி கறுத்தல் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், 1520களில் எழுத்தில் தோன்றுகிறது. அடித்தல் என்ற பொருளும் நிறத்தைக் குறிக்கும் பெயரடையும் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இங்கேதான் வேலையை அறிந்திருப்பதன் பயன் தெரிகிறது. பட்டைச்சாற்றில் ஊறிய தோல் பழுப்பாகிறது. வெயிலில் நின்ற மேனியும் பழுப்பாகிறது. இரண்டுக்கும் பொதுவானது நிறம் மட்டுமே. வெயிலில் கறுப்பது உடலில் மெலனின் என்ற நிறமி மிகுவதால். அதற்கும் மரப்பட்டைத் துவர்ப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே பொருள் தாவியது செயலின் ஒற்றுமையால் அன்று, விளைவாகத் தோன்றிய நிறத்தின் ஒற்றுமையால் என்று உறுதியாக எழுதலாம். தொல்காப்பியர் காட்டும் வினை, பயன், மெய், உரு என்னும் உவம வகைகளை அறிந்த தமிழ் மாணவருக்கு இதை வினை உவமம் அன்று, நிறம் பற்றிய உரு உவமத்தின் வழிவந்த பொருள்மாற்றம் என்று சொன்னால் உடனே விளங்கும்.

உறவுச் சொற்களும் உறவற்ற சொற்களும்

ஒரு வினையின் வேரைக் கண்டுபிடித்த பிறகு அதன் குடும்பத்தைத் தேட வேண்டும். ‘டேனர்’ தொழில் செய்கிறவர். ‘டேனின்’ என்பது துவர்ப்புப் பொருளுக்கு வேதியியலார் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சில் இட்ட பெயர். தேநீரின் துவர்ப்பைப் பற்றிப் படிக்கும்போது இந்தச் சொல் வரும். ‘டானி’ (tawny) என்ற பழுப்புமஞ்சள் நிறப்பெயர் இதே வேரிலிருந்து பிரெஞ்சு வழியாகத் தனியாக வந்து சேர்ந்தது. ஆக, ஒரே வேர் இரண்டு வாசல்களில் ஆங்கிலத்துக்குள் நுழைந்திருக்கிறது. நம் ஆவாரைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களில் ஒன்று ‘டேனர்ஸ் கேசியா’, அதாவது தோல் பதனிடுவோரின் கேசியா. ஐரோப்பாவின் ஓக் பட்டையிலிருந்து பிறந்த சொல், சாலையோரத்தில் மஞ்சளாகப் பூக்கும் நம் செடிக்குப் பெயராகியிருப்பதற்கு இந்தத் தொழிலே காரணம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. நிறத்தைச் சொல்லும் ‘டானி’ என்பதன் எழுத்துகள் மாறாமல் ‘மல்லிகடானி’ (mulligatawny) என்ற சூப்பின் பெயரிலும் வருகின்றன. சூப்பும் பழுப்புமஞ்சளாக இருப்பதால், நிறத்தால் வந்த பெயர் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது நம் மிளகுத்தண்ணி. ஆங்கிலேயர் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தம் வாய்க்கேற்ப மாற்றி எழுதிக்கொண்ட தமிழ்ச்சொல். எழுத்தும் நிறமும் ஒத்திருந்தும் உறவு சிறிதும் இல்லை.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு. பிரெத்தோன் மொழியின் ‘தன்’ என்பதைக் கண்டவுடன் தமிழின் ‘தண்’ என்ற சொல்லோடு சேர்த்து, மரம் தண்மை தருவதால் இது தமிழ் வேர் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழின் மீதுள்ள பற்றை நான் மதிக்கிறேன். அந்தப் பற்றுக்காகவே இத்தகைய முடிவுகளைத் தவிர்க்க வேண்டும் என்கிறேன். ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறது. ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் பார்த்த மாத்திரத்தில் விளங்காது என்பது அதன் கருத்து. ஒலி ஒத்திருக்கிறதா என்பது ஒரு கேள்வி மட்டுமே. பொருள் ஒத்திருக்கிறதா, காலம் பொருந்துகிறதா, சொல் பயணம் செய்ய வழி இருந்ததா என்ற கேள்விகளுக்கும் விடை வேண்டும். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி ஆகியவை ஆங்கிலத்துக்குப் போனதற்குச் சோழமண்டலக் கடற்கரையும் ஐரோப்பிய வணிகர்களும் சாட்சி. இடைக்கால ஐரோப்பாவின் தோல் தொட்டிகளுக்குத் தமிழ்ச்சொல் போனதற்கு அத்தகைய வழி எதுவும் காணப்படவில்லை. உண்மையாகத் தமிழிலிருந்து போன சொற்களைச் சான்றோடு சொல்லும்போது கேட்பவர் ஏற்பார். சான்றில்லாதவற்றையும் அவற்றோடு கலந்தால் உண்மையானவையும் ஐயத்துக்கு உள்ளாகும்.

தோல் தொழிலிலேயே இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பதனிட்ட தோலை எண்ணெயிட்டுத் தேய்த்து மென்மையாக்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் ‘கறி’ என்று ஒலிக்கும் ஒரு வினை உண்டு. அதைச் செய்கிறவர் ‘கறியர்’. குதிரையின் மேனியைத் தேய்த்துவிடுவதற்கும் அதே வினைதான். உணவைக் குறிக்கும் ‘கறி’ தமிழிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. தோலைக் குறிக்கும் ‘கறி’ பழைய பிரெஞ்சில் ஒழுங்குபடுத்துதல், ஆயத்தம் செய்தல் என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. அதன் உள்ளே இருப்பது ஆங்கிலத்தின் ‘ரெடி’ என்ற சொல்லோடு தொடர்புடைய ஜெர்மானிய வேர். அகராதியில் இவை இரண்டும் தனித்தனி எண்ணிட்ட பதிவுகளாக இருக்கும். ஒரே எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று எண் கண்டால், வரலாறு வேறு என்று அகராதிக்காரர் சொல்கிறார் என்று கொள்ள வேண்டும்.

ஆனால் எண் வேறாக இருப்பதால் உறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ‘ஹைட்’ என்றால் மாடு, எருமை போன்ற பெரிய விலங்குகளின் தோல். ஆட்டுத்தோலைத் தொழிலில் ‘ஸ்கின்’ என்பார்கள். மறைத்தல் என்ற வினைக்கும் ‘ஹைட்’ என்றே பெயர். பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனிச்சொற்கள்; ஆயினும் மூடுதல் என்ற பொருளுடைய ஒரே இந்தோ-ஐரோப்பிய (ஆங்கிலம், இலத்தீன் முதலியவை சேர்ந்த பெருங்குடும்பத்தின்) வேருக்கு இரண்டையும் கொண்டுசெல்கிறார்கள். உடலை மூடுவது தோல். மூடி வைப்பது மறைத்தல். அந்த வேர் மீட்டமைக்கப்பட்டது என்பதால் அதன் முன் விண்மீன் குறி இருக்கும்.

குறிப்பேட்டில் எழுதுவதும் தமிழில் தருவதும்

தேடியதை எழுதும்போது சொல், முதற்பொருள், முதலில் கிடைக்கும் காலம், வந்த மொழி, அதற்கு முந்திய மொழி, பொருள் மாறிய காலமும் காரணமும், உறவுச் சொற்கள், உறவுபோல் தோன்றி அல்லாதவை ஆகிய அனைத்தும் ஒரு பக்கத்துக்குள் அமைந்தால் போதும். கடைசியாகச் சொன்னதைப் பலர் எழுதுவதில்லை. அதை எழுதிவைத்தால்தான் அடுத்த முறை அதே ஒலியொற்றுமை நம்மை ஏமாற்றாது.

தமிழில் பெயர்க்கும்போது ‘டேன்’ என்பதற்குப் ‘பதனிடு’ என்று மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. தமிழ் விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகளில் யோப்பா பட்டணத்துச் சீமோனைத் தோல் பதனிடுகிறவன் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் ‘டேனர்’. தோல் என்பதைச் சேர்த்தால்தான் பொருள் நிறைவுறுகிறது, ஏனென்றால் நம் பதனிடுதலும் பதப்படுத்துதலும் ஆங்கிலச் சொல்லைவிட விரிந்தவை. மீனுக்கும் இறைச்சிக்கும் பழத்துக்கும் பொருந்துபவை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை இத்தகைய ஒப்பீட்டுக்கு அருகில் வைத்துக்கொள்வது நல்லது. அது இணையத்திலும் கிடைக்கிறது. வெயில் தொடர்பான பொருளுக்குக் ‘கறுத்தல்’ என்பதே போதும்.

அடுத்த பயிற்சிக்கு ஒரு வினை: ‘க்யூர்’

இந்த முறையைத் தாமே பழகிப் பார்க்க ‘க்யூர்’ என்ற வினையைப் பரிந்துரைக்கிறேன். அது வேலூரில் மூன்று இடங்களில் கேட்கும். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணியின் வழிவந்த மருத்துவமனையைத் தேடி வருகிறவர்கள் நோய் ‘க்யூர்’ ஆகுமா என்று கேட்கிறார்கள். பச்சைத் தோல் கிடங்கில் உப்பிட்டு வைப்பதற்கு ஆங்கிலத்தில் அதே பெயர். கட்டடம் கட்டும் இடத்தில் மேஸ்திரி, தளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக் ‘க்யூரிங்’ செய்யச் சொல்கிறார். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டு என்றால் குறைந்தது 7 நாளாவது ஈரம் காயாமல் பார்க்க வேண்டும்.

முதலில் இந்த மூன்று தொடர்களையும் எழுதி, செயப்படுபொருளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேலையைக் கவனியுங்கள். உப்பிட்ட தோலை நீரில் ஊறவைத்தால் உப்புக் கரைந்து தோல் பழையபடி அழுகும் நிலைக்கு வந்துவிடும். பட்டையிலோ குரோமியத்திலோ பதனிட்டது அப்படி மீளாது. தொழிலில் ‘க்யூர்’ தற்காலிகக் காப்பு, ‘டேன்’ நிலையான மாற்றம். தமிழில் இரண்டையும் ‘பதப்படுத்துதல்’ என்று எழுதும் மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாடு மறைந்துவிடும். முதலாவதற்கு ‘உப்பிட்டுக் காத்தல்’ என்று எழுதுவதே நேர்மையானது.

அடுத்து அகராதிக்குச் செல்லுங்கள். இலத்தீன் ‘கூரா’, அதாவது கவனிப்பு, அக்கறை. அதிலிருந்து ‘கூராரே’ என்ற வினை. பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் நோய் நீக்குதல் என்ற பொருளில் ஆங்கில வினை. பின்னாளில் மீனையும் இறைச்சியையும் உப்பிட்டுக் காத்தல் என்ற பொருள். ‘செக்யூர்’ என்றால் கவலை நீங்கிய நிலை, ‘அக்யூரேட்’ என்றால் கவனத்தோடு செய்தது, ‘க்யூரேட்டர்’ என்றால் பொறுப்பாகப் பார்த்துக்கொள்பவர் என்ற உறவுகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ‘கர்ஃப்யூ’ முதல் எழுத்துகளால் ஒத்திருக்கும். ஆனால் அது ‘நெருப்பை மூடு’ என்ற பிரெஞ்சுத் தொடர்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கவனிப்பு என்ற பொருளுடைய ‘கேர்’ என்ற ஆங்கிலச் சொல் ‘கூரா’ என்பதோடு ஒலியிலும் பொருளிலும் ஒத்திருப்பதால் அதையும் குடும்பத்தில் சேர்க்கத் தோன்றும். ‘கேர்’ என்பதன் பதிவைத் தனியே திறந்து பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் அது துயரம், கவலை என்ற பொருளில் ‘கரு’ என்று இருந்த ஜெர்மானியச் சொல். அதன் வரலாற்றில் இலத்தீன் எங்கும் இல்லை. ஒலியும் பொருளும் சேர்ந்தே பொருந்திய இந்த இடத்திலும் உறவு இல்லாததால், ‘கேர்’ என்பதை உறவல்லாத சொற்களின் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.